அடி பிளந்த புரொப்பல்லர், உடைந்த ஸ்கெக்: எதை மாற்றினோம், எதைச் சரிசெய்தோம்

பின்னணி

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் கரையேறி, எங்கள் பட்டறைக்குப் பழுதுக்கு வந்த ஒரு ஃபைபர் படகில் நடந்தது இது. சென்னைத் துறைமுகம் வந்த பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரத்திலிருந்து கரை அரிக்கத் தொடங்கியது. அரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவுகள் இப்போது வரிசையாக நிற்கின்றன. இரண்டு வளைவுகளுக்கு நடுவில் தங்கும் மணல்தான் இந்தப் பகுதிப் படகுகளுக்குக் கரை. வாடைக்காலத்து அலையில் வளைவின் முனையிலிருந்து கல் உருண்டுபோய்த் தண்ணீருக்கடியில் கிடக்கும். நீர் வற்றும் நேரத்தில் படகு வந்தால் அந்தக் கல், தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் இன்ஜினின் காலுக்கு எட்டும் உயரத்தில் இருக்கும்.

படகில் இருந்தது 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு, அதாவது படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் இன்ஜின். இரண்டு ஸ்ட்ரோக், மண்ணெண்ணெயில் ஓடுவது. மூன்று பிளேடு வைத்த அலுமினியப் புரொப்பல்லர். படகின் உரிமையாளர் ஐம்பதைத் தாண்டியவர். இன்ஜின் பிடிப்பது அவருடைய அக்கா மகன்.

நடந்த மாதம் மே. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஃபைபர் படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. விசைப்படகு மீன் வராததால் ஃபைபர் படகு கொண்டுவரும் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும், ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டாலும் கையைக் கடிக்கும். இதே 61 நாளில்தான் காசிமேட்டு விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்க்க ஏற்றப்படுகின்றன. லேத் பட்டறையிலும் ஆர்கான் வெல்டிங் செய்பவர்களிடமும் பெரிய படகு வேலை குவிந்திருக்கும். சின்ன இன்ஜினோடு போய் நிற்பவரை 'வச்சுட்டுப் போங்க' என்பார்கள். அவசரமும் காத்திருப்பும் ஒரே நேரத்தில் வரும் மாதம் அது. இந்த நிகழ்வில் எடுத்த முதல் முடிவு அந்த அவசரத்தில் எடுத்தது.

மோதலும் அன்றே செய்த பழுதும்

விடியுமுன் கரைக்குத் திரும்பும்போது வளைவின் முனைக்குப் பக்கத்தில் கல்லில் மோதியது. இன்ஜின் ஒரு தடவை அதிர்ந்து நின்றது. மறுபடி இழுத்துப் போட்டதும் பிடித்துக்கொண்டது, படகும் கரை ஏறியது. பார்த்தால் புரொப்பல்லரில் ஒரு பிளேடு பின்பக்கமாக மடங்கியிருந்தது, இன்னொன்றின் முன்விளிம்பில் ஒரு துண்டு பெயர்ந்திருந்தது, ஸ்கெக்கில் கீழ்ப்பகுதி போயிருந்தது.

இன்ஜின் காலின் கீழ்முனையில் கியர் இருக்கும் கூடுதான் கியர் கேஸ். அதன் அடியில், புரொப்பல்லருக்குக் கீழே, மீனின் துடுப்புபோல இறங்கியிருக்கும் பகுதிதான் ஸ்கெக். அது கியர் கேஸோடு ஒரே வார்ப்பாக வருவது. புரொப்பல்லரைப்போல ஒரு நட்டைக் கழற்றி வேறு போட முடியாது. ஸ்கெக்கை மாற்றுவது என்றால் கியர் கேஸையே மாற்றுவது என்றுதான் பொருள்.

அன்று மத்தியானமே உரிமையாளர் புரொப்பல்லரை மட்டும் கழற்றி ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கே கேஸ் நெருப்பில் காட்டி, சுத்தியால் அடித்து, மடங்கிய பிளேடை நிமிர்த்திக் கொடுத்தார்கள். செலவு மிகக் குறைவு. மறுநாள் படகு கடலில் இருந்தது. ஸ்கெக்கை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த சில நாளில் மூன்று விஷயங்கள் தெரிந்தன. வேகம் கூட்டினால் இன்ஜின் பிடி கையை நடுக்கியது. கைப்பிடி ஒரு பக்கமாகவே இழுத்தது. இன்ஜின் சத்தம் ஏறியதே தவிரப் படகு அந்த அளவுக்கு நகரவில்லை, அதனால் மண்ணெண்ணெய் கேன் சீக்கிரம் காலியானது. எங்களிடம் வந்தபோது உரிமையாளர் கேட்டது ஒன்றுதான்: "புரொப்பல்லரை இன்னும் கொஞ்சம் தட்டி நேராக்கிக் கொடு தம்பி."

பட்டறையில் பார்த்தவை

புரொப்பல்லரைத் தொடும் முன் கியர் ஆயிலைத்தான் முதலில் இறக்கினோம். அடிபட்ட எந்த இன்ஜினிலும் பார்க்க வேண்டிய முதல் இடம் அதுதான். புரொப்பல்லரின் சேதம் வெளியே தெரிகிறது. அதே அடி ஷாஃப்ட் வழியாக உள்ளே எவ்வளவு போனது என்பதை ஆயில்தான் காட்டும்.

ஆயில் வெளுத்து, கெட்டியாக வழிந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிற மை மட்டும் ஒட்டியிருந்தது, உலோகச் செதில் இல்லை. அதாவது கியர் பற்கள் உடையவில்லை.

தண்ணீர் எப்படி வந்தது என்று தேடினால், புரொப்பல்லருக்குப் பின்னால் ஷாஃப்ட்டைச் சுற்றித் தங்கூஸ், அதாவது நைலான் நரம்பு, இறுகிப்போய்க் கிடந்தது. கத்தி முனையால் நெம்பித்தான் எடுக்க முடிந்தது. எடுத்ததில் பாதி வெளுத்துப்போன பழைய நரம்பு, கல்லில் மோதியதற்கு முன்பே சுற்றியது. புரொப்பல்லர் சுழலும்போது இந்த நரம்பு மெல்ல உள்ளே ஏறி, தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் ஆயில் சீலின் உதட்டை அறுக்கும். சீலைக் கழற்றியதும் அந்த வெட்டு கண்ணுக்கே தெரிந்தது. மோதல் நடக்காமல் இருந்திருந்தால் இந்தப் படகு கியர் சாகும்வரை ஓடியிருக்கும் என்பது என் கணிப்பு.

ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று, நுண்ணிய அசைவையும் முள்ளில் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம். கையால் மெல்லச் சுற்றியபோது முள் அசைந்தது கையேட்டில் சொன்ன எல்லைக்குள் இருந்தது. பேரிங் சத்தமில்லாமல் சுழன்றது. இது பெரிய நிம்மதி. ஷாஃப்ட் வளைந்திருந்தால் பிறகு எடுத்த எல்லா முடிவும் வேறு திசையில் போயிருக்கும்.

அப்புறம் புரொப்பல்லர். பிளேடுகள் வந்து சேரும் அதன் நடுக் குடத்தில் 9¼ × 10 என்று பொறித்திருந்தது. முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். ஒரு முழுச் சுற்றில், வழுக்கலே இல்லை என்று வைத்துக்கொண்டால், 10 அங்குலம் முன்னே போக வேண்டும். மூன்று பிளேடிலும் இந்த அளவு ஒன்றாக இருந்தால்தான் நடுக்கம் வராது. இதை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. புரொப்பல்லரைச் சமதளத் தகட்டின்மேல் கவிழ்த்து வைத்து, மையத்திலிருந்து ஒரே தூரத்தில், 30 டிகிரி இடைவெளியில் பிளேடின் இரண்டு இடத்து உயரத்தை அளந்து கழித்து, 12-ஆல் பெருக்கினால் பிட்ச். 10 அங்குலம் என்பது 254 மில்லிமீட்டர், ஆகவே உயர வித்தியாசம் 21 மில்லிமீட்டரை ஒட்டி வர வேண்டும். அடிபடாத பிளேடிலும் விளிம்பு பெயர்ந்த பிளேடிலும் அப்படியே வந்தது. நிமிர்த்திய பிளேடில் 18. அதாவது அதன் பிட்ச் எட்டரை அங்குலம்தான். ஒரே குடத்தில் இரண்டு விதமான புரொப்பல்லர் சுற்றிக்கொண்டிருந்தது. கை நடுங்கியதும் அதனால்தான்.

நிமிர்த்திய பிளேடு குடத்தோடு சேரும் இடத்தைத் தின்னரால் துடைத்து, விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயத்தை அடித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துணியால் துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பரைத் தூவினோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெள்ளையில் ஒரு சிவப்புக் கோடு மெல்லக் கசிந்து நீண்டது, ஏறக்குறைய கட்டைவிரல் நகத்தின் அகலம். உரிமையாளர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். அதன் பிறகு 'தட்டிக் கொடு' என்ற பேச்சு நின்றது, 'வெல்டு வை' என்ற பேச்சு தொடங்கியது.

குடத்துக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷும் ஒரு பக்கம் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. அடிபடும்போது கியருக்குப் போகும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளத்தான் அந்த ரப்பர். அது ஒரு முறை வழுக்கிவிட்டால் பிறகு பாரம் ஏறும்போதெல்லாம் வழுக்கும்.

முடிவு: புரொப்பல்லரை மாற்றுவது

உரிமையாளர் சொன்னது நியாயமான கணக்கு. "வெல்டு வச்சுக் கொடு தம்பி, ஜூன் தாண்டட்டும். சீசன் காசுல புதுசு வாங்கிக்கலாம்."

"அண்ணே, ஜூனுக்குள்ள உடைஞ்சா அது கரையில உடையாது" என்றேன்.

மறுத்ததற்குக் காரணம் விரிசல் இருந்த இடம். பிளேடின் மேல் வரும் விசை எல்லாம் வந்து சேர்வது அடியில். பெரிய கப்பல்களின் வெண்கலப் புரொப்பல்லருக்குக்கூட கப்பல்களுக்குத் தரச் சான்று தரும் வகைப்பாட்டுச் சங்கங்களின் விதி பிளேடை மண்டலங்களாகப் பிரித்து, தள்ளும் முகத்தில் அடியை ஒட்டிய பகுதியில் வெல்டிங்கைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. முனைப்பக்கம் போகப்போக விதி தளர்கிறது. உள்ளங்கையளவு அலுமினியப் பிளேடுக்கு இதைவிடத் தளர்வாக நடந்துகொள்ள ஒரு காரணமும் இல்லை. பிளேடு கழன்று போனால் மீதி இரண்டும் சமநிலையில்லாமல் சுழலும், அந்த ஆட்டத்தில் ஷாஃப்ட்டும் பேரிங்கும் போகும்.

இரண்டாவது காரணம் நெருப்பு. எஃகைச் சூடாக்கினால் சிவக்கும், எவ்வளவு சூடு என்று நிறமே சொல்லும். அலுமினியம் நிறம் மாறாமலே இருந்து திடீரென்று தளர்ந்துவிடும். கண் மதிப்பில் கேஸ் காட்டிய பிளேடு முன்பிருந்த கடினத்தோடு இருக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அடுத்த முறை மணல் திட்டு இடித்தாலே மடங்கலாம்.

மூன்றாவது, ரப்பர் புஷ். அதையும் மாற்றக் கணக்குப் போட்டால் பழுதின் செலவு புதிய அலுமினியப் புரொப்பல்லரின் விலையை நெருங்கிவிட்டது.

இதை வைத்து, அடிபட்ட புரொப்பல்லர் எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வளைவு பிளேடின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்து, சாயத்தில் கோடு வராமல், ரப்பரும் நன்றாக இருந்தால் சரிசெய்வதுதான் சரி. விளிம்பில் சின்னச் சின்ன வெட்டு என்றால் அரம் போதும். ஒரு பிளேடில் எவ்வளவு எடுத்தோமோ மற்ற இரண்டிலும் அதே இடத்தில் அவ்வளவு எடுக்க வேண்டும். இந்தப் படகின் புரொப்பல்லரும் மோதிய அன்றே வந்திருந்தால், நெருப்பு படாமல், அச்சில் வைத்து மெல்ல அழுத்தி நிமிர்த்திப் பார்த்திருப்பேன்.

காசிமேட்டு விசைப்படகின் கதை வேறு. அங்கே புரொப்பல்லர் வெண்கலம், விலை பெரிது, உடைந்தாலும் எடைக்குக் காசு. அதில் முனை உடைந்தால் வெல்டு வைத்து, பிட்ச் பார்த்து, சமன் செய்து திரும்ப மாட்டுவது வழக்கமான வேலை. ஆனால் அதிலும் மாங்கனீஸ் வெண்கலமாக இருந்தால், வெல்டு முடிந்ததும் முறையாகச் சூடேற்றி உள்ளிறுக்கத்தைத் தணிக்க வேண்டும். அதை விட்டால் கடல்நீரில் வெல்டுக்குப் பக்கத்திலேயே பிளக்கும். தடைக்கால நெருக்கடியில் இந்த ஒரு படியைத் தாண்டிப் போகும் இடங்கள் உண்டு. படகு உரிமையாளர்கள் கேட்டு வாங்க வேண்டிய வேலை அது.

முடிவு: ஸ்கெக்கைச் சரிசெய்வது

இங்கே கணக்கு தலைகீழ். புதிய கியர் கேஸ் என்பது இன்ஜின் விலையில் கணிசமான பங்கு. பழையதை வாங்கலாம், ஆனால் பழைய கியரோடு வந்தால் அது எந்தக் கரையில் எத்தனை தடவை இடிபட்டது என்று யார் சொல்வார்கள்? நம் படகின் கியரும் ஷாஃப்ட்டும் நன்றாக இருக்கின்றன என்று கண்டுபிடித்தாகிவிட்டது. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

சரிசெய்யாமலே விடலாமா என்ற கேள்வியும் வந்தது, ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று. விட முடியாததற்குக் காரணம், ஸ்கெக் ஒரு சிறு சுக்கான் வேலையும் செய்கிறது. அது குறைந்தால் புரொப்பல்லர் சுழலும் திசைக்கு ஏற்பக் கைப்பிடி இழுக்கும், இன்ஜின் பிடிக்கும் மருமகன் (உரிமையாளரின் அக்கா மகன்) தோள் வலி என்று சொன்னதும் அதனால்தான். அதோடு, மணலிலோ கல்லிலோ முதல் அடியை வாங்க வேண்டியது ஸ்கெக். அது இல்லாத இடத்தில் புதுப் புரொப்பல்லரை மாட்டினால் அடுத்த அடி நேராக அதன்மேல் விழும்.

பட்டறையில் இருந்த ஒருவர், துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை இரண்டு பக்கமும் வைத்து போல்ட் போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்றார். கேட்க நன்றாக இருந்தாலும் அதை ஏற்கவில்லை. உப்புத்தண்ணீரில் எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது அலுமினியம். அதைவிட முக்கியமானது இன்னொன்று: ஸ்கெக் உடையக்கூடிய பகுதியாகவே இருக்க வேண்டும். அதை எஃகாக்கினால் அடுத்த மோதலில் பிளப்பது கியர் கேஸ். உரிமையாளருக்கு இதை விளக்க வார்த்தை தேவைப்படவில்லை. உடைந்த முகத்தையும் அதற்கு மேலே சேதமில்லாமல் இருந்த கேஸையும் காட்டியதும் தலையாட்டினார்.

வேலை நடந்த விதம்

வெல்டிங் சூடு கியர் கேஸ் முழுவதும் பரவும். அதனால் ஷாஃப்ட், கியர், சீல் எல்லாவற்றையும் கழற்றி வெறும் கேஸாக்கினோம். உடைந்த விளிம்பில் பெயிண்ட் முழுவதையும் எடுத்து, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, காயவைத்து, இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்த்தோம். கடலில் கிடந்த வார்ப்பு அலுமினியத்தில் உப்பும் எண்ணெயும் ஊறியிருக்கும். அப்படியே வெல்டு வைத்தால் கொப்பளித்துச் சின்னச் சின்னத் துளை விழும்.

ஒட்டவைத்த துண்டு, கழித்துப்போட்ட அதே மாடல் கியர் கேஸின் ஸ்கெக்கிலிருந்து அறுத்தது. அட்டையில் நல்ல ஸ்கெக்கின் வடிவத்தை வரைந்துகொண்டு அதற்குச் சரியாக வெட்டினோம். ஆர்கான் வெல்டிங் செய்பவர் 4043 கம்பியைப் பயன்படுத்தினார். சிலிக்கான் கலந்த வார்ப்புக்கு ஏற்றது அது. லேசாகச் சூடேற்றி ஈரத்தைப் போக்கிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, ஆறவிட்டு ஆறவிட்டு வைத்தார். அவரிடம் இடம் கிடைக்கத்தான் காத்திருக்க வேண்டியிருந்தது. வேலை ஆரம்பித்தால் அரை நாள்.

தேய்த்து வடிவாக்கிய பின் அலுமினியத்துக்கான பிரைமரும் பெயிண்டும். பாசி பிடிக்காமல் இருக்கப் படகின் அடியில் பூசும் செம்பு கலந்த பெயிண்ட் மிச்சமிருக்கிறது, அதையே பூசலாம் என்று ஒரு யோசனை வந்தது. அலுமினியத்துக்கு அது விஷம். அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதைக் காக்கும் துத்தநாக ஆனோடின்மேல் எந்தப் பெயிண்டும் படாமல் பார்த்துக்கொண்டோம், பட்டால் அது வேலை செய்யாது.

சீல்கள் இரண்டும் புதிது, மண்ணடியில் வாங்கியவை. ஷாஃப்ட்டில் பழைய சீல் உட்கார்ந்த இடத்தில் நகம் தடுக்கும் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்ததால், புதிய உதடு அதில் விழாதபடி அரை நூல் தள்ளி உட்காரவைத்தோம். மூடியபின் கைப்பம்பால் 10 பிஎஸ்ஐ காற்றேற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினோம். குமிழி வரவில்லை. அதன் பிறகுதான் ஆயில் ஊற்றினோம்.

பிறகு நடந்தவை

முதல் ஓட்டத்தில் நடுக்கம் இல்லை, கைப்பிடி நேராக நின்றது. மண்ணெண்ணெய் பழைய கணக்குக்குத் திரும்பியது என்று உரிமையாளர் சொன்னார். அடுத்த வாரம் ஆயிலில் ஒரு மூடி எடுத்துப் பார்த்தோம், தெளிவாக இருந்தது. தடைக்காலம் முடியும்போதும் அப்படியே.

ஸ்கெக் அதற்குள் பலமுறை மணலைத் தொட்டிருந்தது, வெல்டு பிடித்தே இருந்தது. வெல்டின் பின் ஓரத்தில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து, இரண்டு நுண் துளைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அந்த ஓரத்தைச் சுரண்டி, காயவைத்து, மறுபடி பிரைமர் வைத்தோம். இது தொடர்ந்து பார்க்க வேண்டிய இடம்.

பழைய புரொப்பல்லரை ஸ்பேராகப் படகில் வைத்துக்கொள்கிறேன் என்றார் உரிமையாளர், "கரைக்கு வந்து சேர்ந்தா போதும்" என்று. அவசரத்தில் மாட்டுகிற ஒன்றுதான் மிக நம்பகமானதாக இருக்க வேண்டும். அவர் சம்மதத்தோடு அதன் பிளேடுகளை அறுத்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டோம். விரிசலில்லாத பழைய புரொப்பல்லர் ஒன்றைத் தேடி வாங்கினார். அது இப்போது நட்டு, ஸ்பேனர், நட்டு கழலாமல் தடுக்கும் புதிய காட்டர் பின்னோடு அமரத்தில், அதாவது படகின் பின்பகுதியில், இருக்கிறது.

இனி மாற்ற வேண்டியவை

இன்ஜினைத் திரும்ப மாட்டும்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. இன்ஜினின் கால் மேலே எழும்பாதபடி கயிற்றால் கீழே இழுத்துக் கட்டியிருந்தார்கள். அலையில் கால் துள்ளுகிறது, அதனால் என்றார் மருமகன். முன்னோக்கிப் போகும்போது கால் தடைபட்டால் பின்னால் எழும்பிவிடும்படிதான் இன்ஜினை வடிவமைத்திருக்கிறார்கள். கட்டிவிட்டால் படகின் மொத்த எடையும் வேகமும் ஸ்கெக்கிலும் புரொப்பல்லரிலும் இறங்கும். கயிறு இல்லாமல் இருந்திருந்தால் ஸ்கெக் நுனி சிராய்த்ததோடு முடிந்திருக்க வாய்ப்பு அதிகம். துள்ளலுக்குக் காரணம், காலின் சாய்வை நிர்ணயிக்கும் டில்ட் பின் தவறான துளையில் இருந்தது. அதை ஒரு துளை தள்ளிப் போட்டதும் கயிறு தேவைப்படவில்லை. இப்போது எங்களிடம் வரும் ஒவ்வொரு ஃபைபர் படகிலும் முதலில் இந்தக் கயிற்றைத் தேடுகிறோம்.

வாரம் ஒரு முறை புரொப்பல்லரைக் கழற்றித் தங்கூஸ் சுற்றியிருக்கிறதா என்று பார்க்கும்படி மருமகனுக்குச் சொல்லிக்கொடுத்தோம். வலையும் தூண்டிலும் வைத்துப் பிழைக்கும் படகில் நரம்பு சுற்றுவதைத் தடுக்க முடியாது, சீலை அறுக்கும் முன் எடுத்துவிடலாம்.

புதுப் புரொப்பல்லரின் குடத்தில் உள்வளையத்திலிருந்து வெளிவளையம்வரை ஒரே நேர்கோடாகப் பெயிண்ட் அடித்திருக்கிறோம். ரப்பர் வழுக்கினால் கோடு இரண்டாகப் பிரிந்து நிற்கும். வேகம் குறைகிறது என்று தோன்றும் நாளில் இன்ஜினைக் குறைசொல்லும் முன் அந்தக் கோட்டைப் பார்த்தால் போதும்.

இடிபட்டால் புரொப்பல்லரை மட்டும் கழற்றிக்கொண்டு பட்டறைக்கு ஓடாமல், வடிகால் போல்ட்டைத் தளர்த்தி ஒரு மூடி ஆயிலைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்படி அந்தக் கரையில் இருக்கும் மற்ற படகுக்காரர்களிடமும் சொல்லி வருகிறோம். வெளுத்திருந்தால் காலோடு சேர்த்துக் கொண்டுவர வேண்டும், அதுவரை அந்த இன்ஜினை ஓட்டக் கூடாது.